முத்தமில்லாத வாரம்

இரண்டு நாளாக இன்சாஃப் தன் தம்பியோடு பேசியதையெல்லாம் சேர்த்தாலும் ஒரு தீப்பெட்டிக்குள் அடக்கிவிடலாம். "தலையணை அங்கே இருக்கு." "டீ போடட்டுமா?" "குளியலறை லைட்டை அணைச்சிடு." அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமை ராத்திரி நடந்தது இதுதான். புனித வார ஜெபம் முடிந்து இன்சாஃபும் அவள் கணவர் வக்தியும் வீட்டுக்கு வந்தால், மூன்றாம் மாடி வாசலில் நஷாத் நிற்கிறான். கையில் ஒரு துணிப்பை. சுத்தமாக மழித்த முகம். "அக்கா" என்று கன்னத்தில் முத்தமிட முன்னால் வந்தான். இன்சாஃப் ஓரடி பின்வாங்கி, "இந்த வாரம் முத்தம் கிடையாது, தெரியாதா உனக்கு?" என்றாள்.

சட்டம் என்னவோ சரிதான். யூதாஸ் முத்தம் கொடுத்துத்தானே ஆண்டவரைக் காட்டிக்கொடுத்தான்? அதனால் அன்று இரவு ஜெபத்திலிருந்து உயிர்ப்புப் பெருவிழா வரை கோப்டிக் கிறிஸ்தவ ஜனங்கள் யாரும் யாரையும் முத்தமிட மாட்டார்கள், கோயில் குருவான அபூனாவின் கையைக்கூட. ஆனால் அந்தச் சட்டம் அமலுக்கு வந்து அரை மணி நேரம் ஆகியிருக்குமா? ரெண்டு வருஷம் கழித்து வாசலில் நிற்கிற தம்பியிடம் முதல் வார்த்தையாக அதைச் சொன்னவள் ஷுப்ரா வட்டாரம் முழுக்கத் தேடினாலும் இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

"ஆமாக்கா, மறந்துட்டேன்" என்று அவன் தலையைக் குனிந்துகொண்டான். வக்திதான், "உள்ள வா மச்சான், வாசல்ல நின்னா பிச்சைக்காரன்னு காசு குடுத்து அனுப்பிடுவாங்க" என்று தோளில் கை போட்டு அழைத்துப்போனார்.

இன்சாஃபின் கோபத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. ரெண்டு வருஷத்துக்கு முன் அவள் மகள் வெரினாவின் முதல் நிச்சயதார்த்தத்தில், தாய்மாமன் என்ற உரிமையில் நஷாத் மைக்கைப் பிடித்தான். பிடித்தவன் நிதானத்தில் இல்லை. மாப்பிள்ளையின் அப்பாவுடைய மூக்கைப் பற்றி நின்ற இடத்திலேயே ஒரு பாட்டுக் கட்டினான். அவர் முறைத்ததும் கெட்ட வார்த்தையில் திட்டினான். கடைசியில் சர்பத் கிளாஸ்கள் அடுக்கியிருந்த மேஜைமேல் போய் விழுந்தான். மோதிரம் திரும்பி வந்தது. வெரினா அந்தக் கோடைகாலம் முழுக்க அறையை விட்டு வெளியே வரவில்லை.

இப்போது மறுபடியும் ஒரு நல்ல இடம் கூடி வந்திருக்கிறது. மாப்பிள்ளை பாவ்லி தங்கமான பிள்ளை. தூரத்து ஸெய்தூன் பக்கத்துக் குடும்பம் என்பதால் பழைய கதை அவர்கள் காதுக்குப் போகவில்லை. பெருவிழா முடிந்து அடுத்த ஞாயிறு நிச்சயதார்த்தம். பெண் பார்க்க வந்த அன்று பாவ்லியின் அம்மா சமீஹா, "பொண்ணுக்குத் தாய்மாமன் இல்லையா?" என்று கேட்டாள். இன்சாஃப் கண்ணைக்கூடச் சிமிட்டாமல், "கனடாவுல இருக்கான்" என்று சொல்லிவிட்டாள்.

கனடாக்காரன் இப்போது கூடத்துச் சோபாவில் படுத்திருந்தான்.

அவன் இருந்தது பாலைவனச் சாலையில் ஒரு குடி மறுவாழ்வு இல்லத்தில். பெருவிழாவுக்காக எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். அங்கிருந்த அபூனா வக்திக்குப் போன் செய்து ஒளிக்காமல் சொன்னார்: "எட்டு மாசமா ஒரு சொட்டு தொடலை. வீட்டுல சேர்த்துக்கிட்டா நிப்பான். இல்லைன்னா நேரா பழைய கடைக்குத்தான் போவான். நான் இந்த மாதிரி நிறையப் பேரைப் பார்த்துட்டேன்."

இன்சாஃப் ஒன்றும் கல்நெஞ்சக்காரி இல்லை. தவக்காலத் தொடக்கத்தில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனபோது அபூனா யுஸ்தோஸ் அவளிடம், "நீ சாப்பாட்டை விடுறதுல கெட்டிக்காரி. எண்ணெயும் வேணாம் மீனும் வேணாம்னு இருந்துடுவே. இந்தத் தடவை வேற பயிற்சி. உனக்கு எதையும் திருப்பித் தர முடியாத ஒருத்தரைக் காரணம் பார்க்காம நேசி. ஆண்டவர் உன்னை நேசிக்கிற மாதிரி" என்றார். அவளும் எதிர்வீட்டுத் தவ்லத் அம்மாளைப் பிடித்துக்கொண்டாள். நாலு தெருவுக்குக் கேட்கிற வாய் அந்த அம்மாளுக்கு. தினமும் சூப் கொண்டுபோய்க் கொடுத்து, "உப்பும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை" என்று ஏச்சு வாங்கி, சிரித்த முகமாகத் திரும்பி வந்தாள். பயிற்சி நன்றாகவே போய்க்கொண்டிருந்தது, செவ்வாய்க்கிழமை வரை.

பெரிய வியாழன் காலை, கோயிலுக்குக் கிளம்பும் அவசரத்தில் வெரினா அம்மாவின் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினாள்.

"மாமாவை என்ன பண்ணப் போறீங்க?"

"பெருவிழா வரைக்கும் இருக்கட்டும். திங்கக்கிழமை மின்யாவுக்கு ரயில் ஏத்திடலாம், சித்தப்பா பையன் வீட்டுக்கு."

"போவாரா?"

"போவான். இப்பல்லாம் சொன்னதைக் கேக்கறான். அதைப் பார்த்தாத்தான் எனக்குப் பயமா இருக்கு."

வெரினா கண்ணாடி முன் நின்று தலை வாரிக்கொண்டே சொன்னாள். "எனக்கு அவரைப் பார்த்தா இன்னும் கோபம் கோபமா வருதும்மா. ஆனா நேத்து என் செருப்பு வார் அறுந்து கிடந்தது. காலையில பார்த்தா தைச்சு வச்சிருக்கார். ஒரு வார்த்தை சொல்லலை."

"செருப்புத் தைச்சா ஆச்சா?"

"ஆச்சுன்னு நான் சொன்னேனா?" என்று அவள் சீப்பை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

கோயிலில் கறுப்புத் துணிகள் தொங்கின. பூசைக்கு முன்னால் பாதம் கழுவும் சடங்கு. ஆண்கள் வரிசையாக உட்கார, அபூனா யுஸ்தோஸ் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு ஒவ்வொருவர் காலாகத் தொட்டு வந்தார். பெண்கள் பக்கத்திலிருந்து இன்சாஃப் எட்டிப் பார்த்தாள். நஷாத் காலை உள்ளே இழுத்துக்கொள்வது தெரிந்தது. குதிகாலெல்லாம் வெடிப்பு. அபூனா விடவில்லை. காலைப் பிடித்து வெளியே இழுத்து, தண்ணீரால் துடைத்து, ஏதோ சொன்னார். நஷாத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் இருந்த வக்தியும் சிரித்தார்.

அவன் சிரித்து இன்சாஃப் பார்த்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது. நேராக உட்கார்ந்திருந்தான். கை நடுங்கவில்லை. ஒரு நாள் நடுராத்திரி யாராவது போன் செய்து, வாய்க்காலில் கிடக்கிறான், வந்து எடுத்துப்போங்கள் என்று சொல்லப்போகிறார்கள் என்று எத்தனை ராத்திரி பயந்திருக்கிறாள்! 'உயிரோட இருக்கான். நன்றி ஆண்டவரே, நன்றி' என்று மனசுக்குள் சொல்லிச் சொல்லி அழுதாள். மூக்கைத் துடைத்துக்கொண்ட கையோடு, 'ஆனா அடுத்த ஞாயிறு வரைக்கும் யார் கண்ணுலயும் படாம இருக்கணும்' என்று ஒரு விண்ணப்பத்தையும் சேர்த்துக்கொண்டாள். என்ன செய்ய, அவளும் ஒரு பெண்ணைப் பெற்றவள்.

அன்றைய பூசையில் சமாதான முத்தம் கிடையாது. அதில் அவளுக்கு ஒரு நிம்மதி. நற்கருணைக்கு அவன் ஆண்கள் வரிசையில் போனான், இவள் பெண்கள் வரிசையில் போனாள். ஒரே அப்பம், ஒரே கிண்ணம்.

வக்தி மாலை ஜெபத்துக்கு விளக்கெல்லாம் சரிபார்க்கக் கோயிலிலேயே தங்கிவிட்டார். மற்ற மூவரும் வீட்டுக்கு வந்தார்கள். பெரிய வியாழன் என்றால் வீட்டுக்கு வீடு பருப்புதான். இன்சாஃப் பருப்பை அடுப்பில் ஏற்றிவிட்டு வெங்காயம் நறுக்கினாள். நஷாத் சமையலறை வாசலில் வந்து தயங்கி நின்றான்.

"அக்கா, குழாய் சொட்டுது."

"அது ரமலானுக்கு முன்னாடியிலேருந்து சொட்டுது. உங்க மச்சான் இன்னைக்கு நாளைக்குன்னு சொல்லிட்டே இருக்கார்."

"நான் பார்க்கட்டுமா?"

அவள் தோளைக் குலுக்கினாள். அவன் அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டு, வக்தியின் குறடைத் தேடி எடுத்து, சட்டைக் கையை மடித்துவிட்டு, தொட்டிக்கு அடியில் குனிந்தான். அக்காவும் தம்பியும் அவரவர் வேலையைப் பார்த்தார்கள். வெங்காயம் பொன்னிறமாக வதங்கிச் சீரக வாசனை வந்தது. இப்படியே பேசாமல் இருந்துவிட்டால்கூட நன்றாகத்தான் இருக்கிறது என்று இன்சாஃப் நினைத்தாள்.

அழைப்பு மணி அடித்தது. வெரினா கதவைத் திறந்த சத்தத்தைத் தொடர்ந்து, ஊரைக் கூட்டுகிற ஒரு குரல் கேட்டது.

"வெரினாவோட அம்மா எங்க? சொல்லாம கொள்ளாம வந்துட்டேன், திட்டாதீங்க! நாளைக்குப் பெரிய வெள்ளிக்கு முளைகட்டின மொச்சை. ஒரு ஊருக்கு ஆகிற அளவு பண்ணித் தொலைச்சிட்டேன். இன்னைக்கு ராத்திரி ஜெபத்துக்கும் உங்க கோயிலுக்கே வர்றேன், சேர்ந்து போலாம்!"

சமீஹா. பாவ்லியின் அம்மா. இன்சாஃப் அவளைக் கூடத்திலேயே நிறுத்தலாம் என்று கையைத் துடைத்துக்கொண்டு திரும்புவதற்குள் சமீஹா டப்பாவோடு சமையலறைக்குள்ளேயே வந்துவிட்டாள். சம்பந்தி வீட்டுச் சமையலறை வரைக்கும் போகிற உரிமை தனக்கு வந்துவிட்டது என்பதில் அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். தொட்டிக்கு அடியில் இருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன.

"யாரு இது?"

இன்சாஃபின் நாக்கு அவளைக் கேட்காமலே ஓடியது. "குழாய் பார்க்க வந்தவர்."

தொட்டிக்கு அடியில் குறடு நின்றது. ஒரு மூச்சு நேரம்தான். நஷாத் தலையை வெளியே நீட்டி, "ஆமாங்கம்மா. வாஷர் தேஞ்சு போயிருக்கு. இதோ முடிஞ்சுடும்" என்றான்.

வாசலில் வெரினா கையில் தண்ணீர் கிளாஸோடு அப்படியே நின்றாள்.

சமீஹா குனிந்து பார்த்தாள். அவன் மணிக்கட்டில் பச்சை குத்திய சிலுவை அவள் கண்ணில் பட்டது. "நம்ம பிள்ளைதானா! பெரிய வியாழனும் அதுவுமா வேலைக்கு வந்துட்டீங்களே, கோயிலுக்குப் போகலியா?"

"போயிட்டுத்தாங்கம்மா வந்தேன்."

"ஆண்டவருக்கு நன்றி" என்று நிமிர்ந்தவள், மொச்சை டப்பாவை மேஜைமேல் வைத்தாள். "வெரினாம்மா, கேக்கணும்னே நினைச்சேன். உங்க கனடாத் தம்பி வந்துடுவார் இல்ல? பாவ்லி தினம் கேக்கறான். தாய்மாமன் இல்லாம நிச்சயம் பண்ணினா நல்லாவா இருக்கும்?"

குறடு தரையில் விழுந்தது. "மன்னிச்சிடுங்க, கை நழுவிடுச்சு" என்றது தொட்டிக்கு அடியில் இருந்து குரல்.

"அவன்… வர்றது கஷ்டம்தான். லீவு குடுக்க மாட்டேங்கறாங்க" என்றாள் இன்சாஃப்.

"அடப்பாவமே. என்ன வேலைன்னு சொன்னீங்க?"

"இன்ஜினியர்."

சொல்லும்போதே அவளுக்குக் காது சுட்டது. ஆனால் சொன்னது சொன்னதுதான்.

நஷாத் எழுந்து நின்றான். குழாயைத் திறந்து மூடிக் காட்டினான். முழங்கால் தூசியைத் தட்டிக்கொண்டு, குறடைத் துடைத்து மேஜையில் வைத்துவிட்டு, அக்காவின் முகத்தைப் பார்க்காமல் அவள் கைக்குப் பக்கத்தில் பார்த்துச் சொன்னான்: "வேலை முடிஞ்சதுங்கம்மா. இனிமே சொட்டாது. நான் வரேன்."

"இருங்க, இருங்க!" சமீஹா தன் கைப்பையைக் குடைந்து நோன்பு பிஸ்கட் பொட்டலம் ஒன்றை எடுத்தாள். "வீட்டுல பிள்ளைங்களுக்குக் குடுங்க."

பிள்ளைகளா? கல்யாணமே ஆகாதவன் அவன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, "ஆண்டவர் உங்க வீட்டை நிறைக்கட்டும்" என்றான். கதவு சத்தமே இல்லாமல் மூடிக்கொண்டது. துணிப்பை சோபாவுக்குப் பின்னாலேயே கிடந்தது. அதை எடுத்தால் குட்டு உடையுமே என்று விட்டுப் போயிருந்தான்.

"எவ்வளவு மரியாதையான ஆளு!" என்றாள் சமீஹா. "எங்க வீட்டுக் குளியலறைக் குழாயும் இப்படித்தான். போன் நம்பர் வாங்கி வைங்க."

அவளைக் கூடத்தில் உட்கார வைத்து டீ போட வந்த இன்சாஃப் அடுப்பைப் பற்ற வைக்க மறந்து நின்றாள். அன்று வியாழக்கிழமை. இன்னும் கொஞ்ச நேரத்தில் கோயிலில் உட்கார்ந்து, நெருப்புப் பக்கத்தில் குளிர் காய்ந்துகொண்டே பேதுரு தன் ஆண்டவரை மூன்று முறை தெரியாது என்று சொன்னதை வாசிக்கக் கேட்கப்போகிறாள். வருஷா வருஷம் அந்த இடத்தில் அவளுக்குப் பேதுருமேல் கோபம் வரும். எப்படி ஐயா வாய் வந்தது உனக்கு, கூடவே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு என்று கேட்பாள். இவளும் இன்று காலையில்தான் தம்பியோடு ஒரே கிண்ணத்தில் பருகினாள். குழாய்க்காரர், லீவு இல்லை, இன்ஜினியர். மூன்று முறை.

"அம்மா." வெரினா பின்னால் வந்து கதவை ஒருக்களித்தாள். கண் சிவந்திருந்தது. "போய்க் கூட்டிட்டு வாங்க."

"அவங்க உட்கார்ந்திருக்காங்கடி. விஷயம் தெரிஞ்சா…"

"தெரியட்டும்."

"உனக்குக் கோபம் போகலைன்னு காலையிலதானே சொன்னே?"

"போகலைதான். இப்பவும் போகலை. கோபம் போன அப்புறம்தான் வீட்டுக்குள்ள விடணும்னா, அவர் எந்தக் காலத்துல உள்ள வர்றது?" அவள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "எனக்காகத்தான் அப்படிச் சொன்னீங்க, தெரியும். எனக்காக வேணாம்மா. இதுக்காகப் போற சம்பந்தம்னா போகட்டும். அந்த பிஸ்கட்டை அவர் வாங்கினதை என்னால பார்க்க முடியலை."

இன்சாஃப் மகளைப் பார்த்தாள். இவள் எப்போது இவ்வளவு வளர்ந்தாள்? நன்றி என்று சொல்ல வாய் எடுத்து, அழுகை வந்ததால் அதை விட்டுவிட்டு, வீட்டுச் செருப்போடு, தலையில் துணிகூட இல்லாமல் படி இறங்கி ஓடினாள். கூடத்தைத் தாண்டும்போது சமீஹா "என்ன ஆச்சு?" என்றது காதில் விழுந்தது. நிற்கவில்லை.

தெரு முனையில் இடது பக்கம் மெட்ரோ. வலது பக்கம் அந்தச் சாராயக் கடை, ஷட்டரை எப்போதும் பாதி மட்டும் திறந்து வைத்திருப்பார்களே, அந்தக் கடை. இன்சாஃபுக்கு வலது பக்கம் பார்க்கத் தைரியம் வரவில்லை. முதலில் இடது பக்கம் பார்த்தாள். இல்லை. 'ஆண்டவரே, ஆண்டவரே' என்று வலது பக்கம் திரும்பினால், கடைக்கும் முன்னால், கரும்புச்சாறுக் கடை ஓரத்துப் படியில் நஷாத் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தான்.

அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றான். "என்னக்கா, மறுபடியும் சொட்டுதா?"

"டேய்…" என்றாள்.

"கனடாவுல ரொம்பக் குளிர் அக்கா. அதான் கொஞ்சம் வெயில்ல உட்கார்ந்தேன்."

அவள் நடுத்தெருவில் அழ ஆரம்பித்தாள். சாறு பிழிகிற ஆள் மிஷினை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தான்.

"அழாதேக்கா. நிஜமா சொல்றேன், எனக்கு வருத்தம் இல்லை. இத்தனை வருஷமா குடிகாரன், குடிகாரன்னுதான் கேட்டிருக்கேன். நீதான் முதல் தடவையா எனக்கு ஒரு வேலை குடுத்தே. அப்புறம் இன்ஜினியராவும் ஆக்கிட்டே. ஒரே நாள்ல யாருக்குக் கிடைக்கும்?"

"கிண்டல் பண்ணாதேடா. செருப்பால அடிச்ச மாதிரி இருக்கு. என்னை மன்னிச்சிடு."

அவன் சிரிப்பு நின்றுபோனது. "நான்தானே உங்க எல்லார்கிட்டயும் கேக்கணும்" என்றான் மெதுவாக.

"வா, வீட்டுக்குப் போலாம்."

"வேணாம்க்கா. அந்தப் பிள்ளை வாழ்க்கையை ஒரு தடவை நான் கெடுத்தது போதும். மின்யாவுக்கே போறேன்."

"கையில பை இருக்கா? ஜோப்புல டிக்கெட் இருக்கா? எங்கடா போவே நீ?" அவன் கண் ஒரு கணம் பாதி திறந்த ஷட்டர் பக்கம் போய் வந்தது. அவள் அதைப் பார்த்துவிட்டாள். "வெரினாதான் அனுப்பினா. அவதான் கூட்டிட்டு வரச் சொன்னா."

"வெரினாவா?"

"ஆமாம். நான் இல்லை. எனக்கு அவ்வளவு நல்ல மனசு கிடையாது. அபூனா எனக்கு ஒரு பயிற்சி குடுத்தார், காரணம் பார்க்காம ஒருத்தரை நேசின்னு. நான் போய் எதிர்வீட்டுத் தவ்லத் அம்மாளைப் பிடிச்சுக்கிட்டேன். அது சுலபம்டா. அவங்க என்னை நோகடிச்சதே இல்லையே, திட்டினதோட சரி."

"தவ்லத் அம்மாளா!" நஷாத் வாய்விட்டுச் சிரித்தான். "அவங்களை நேசிச்சவங்களுக்கு மோட்சத்துல தனி மாடியே குடுப்பாங்கக்கா."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவன் கன்னத்தை நோக்கிக் குனிந்தாள். அவன் சட்டென்று பின்வாங்கினான். "இந்த வாரம் கிடையாதுக்கா."

"சரிதான் போடா" என்று அவன் கையைப் பிடித்தாள். ஷுப்ராவின் அந்தத் தெரு முழுக்க, பால்கனிகள் எல்லாம் பார்க்க, ஐம்பது வயது தாண்டிய அக்கா தம்பியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

மூன்று மாடி ஏறிக் கதவைத் திறந்தபோது சமீஹா கூடத்தின் நடுவில் நின்றுகொண்டிருந்தாள். வெரினா சுவரோரமாக நின்றாள். இன்சாஃபுக்கு மூச்சு வாங்கியது. மூச்சு சீரானால் தைரியம் போய்விடும் என்று தெரிந்ததால் அப்படியே பேசினாள்.

"பாவ்லியம்மா, இவன் குழாய்க்காரன் இல்லை. இவன் நஷாத். என் கூடப் பிறந்தவன். கனடாவை மேப்புலகூடப் பார்த்திருக்க மாட்டான். குடிச்சிட்டிருந்தான். வெரினாவோட முதல் நிச்சயம் நின்னது இவன் பண்ணின கூத்தாலதான். இப்ப எட்டு மாசமா குடிக்கலை. இனிமே குடிப்பானா மாட்டானான்னு எனக்குத் தெரியாது. குடிச்சாலும் இவன் என் தம்பிதான். நிச்சயதார்த்தத்துல தாய்மாமனா முன்னால இவன்தான் நிப்பான். உங்களுக்கு இஷ்டம்னா நடக்கட்டும்."

சமீஹா நஷாத்தைப் பார்த்தாள். அவன் கையில் இருந்த பிஸ்கட் பொட்டலத்தைப் பார்த்தாள். ஊரைக் கூட்டுகிற குரல் இப்போது பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்டது.

"எங்க அப்பா குடிச்சார், வெரினாம்மா. சாகிற வரைக்கும் குடிச்சார். குடிச்சவங்களைப் பார்த்து நான் பயப்பட மாட்டேன்." கொஞ்சம் நிறுத்தினாள். "நீங்க என் முகத்தைப் பார்த்துப் பொய் சொன்னீங்க. ஒரு தடவை இல்லை. உங்க சொந்தத் தம்பி கையில நான் பிச்சை மாதிரி பிஸ்கட்டை வச்சேன். நீங்க பக்கத்துல நின்னு பார்த்துக்கிட்டிருந்தீங்க. அதுதான் எனக்குத் தாங்கலை."

 

"அம்மா, அக்கா மேல தப்பு இல்லை" என்று நஷாத் ஆரம்பித்தான்.

"இருக்கு" என்றாள் சமீஹா. கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். "நான் முன்னாடியே கோயிலுக்குப் போறேன். எனக்குக் கொஞ்சம் தனியா உட்காரணும்."

படிகளில் அவள் காலடிச் சத்தம் இறங்கி இறங்கிப் போனது. வெரினா ஓடிப்போய் அம்மாவைக் கட்டிக்கொண்டாள். இன்சாஃப் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். தம்பியை மன்னிக்க வேண்டுமே என்று இரண்டு நாளாகப் பாரம் சுமந்தவள். இப்போது அவளே கையேந்தி நிற்கிறாள். ஜெபத்துக்கு மணி அடித்ததும் கோயிலுக்குப் போக வேண்டும், பெண்கள் பக்கத்தில் சமீஹா உட்கார்ந்திருப்பாள், அவள் பக்கத்தில் இடம் விட்டிருப்பாளா, முகத்தைத் திருப்பிக்கொள்வாளா?

"அவங்க என்னை மன்னிப்பாங்களாடா?" என்று தம்பியிடம் கேட்டாள். கேட்டுவிட்டு, யாரைக் கேட்கிறோம் என்று அவளுக்கே வெட்கமாகப் போயிற்று.

நஷாத் சமையலறைக்குள் போனான். ஒரு தட்டில் பருப்பை ஊற்றி, மேலே வதக்கிய வெங்காயத்தைத் தூவி, ரொட்டியைப் பிய்த்து ஓரத்தில் வைத்து, அக்காவின் மடியில் கொண்டுவந்து வைத்தான். அவள் காலடியில் தரையில் உட்கார்ந்துகொண்டான்.

"மன்னிப்பாங்களான்னு தெரியாதுக்கா. ஆனா தெரியாம காத்துக்கிட்டிருக்கிறது எப்படின்னு எனக்கு நல்லாத் தெரியும். எட்டு மாசம் அதைத்தான் பண்ணினேன். நான் சொல்லித் தரேன்." ரொட்டித் துண்டை எடுத்து அவள் கையில் கொடுத்தான். "முதல்ல சாப்பிடணும்."